ஸ்பானிஷில் 'என்னுடையது, உன்னுடையது' சொல்வது எப்படி? (விவாத இழை)

நெய்தல்நிலா

எல்லோருக்கும் வணக்கம். தெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வின் ஏ2 (தொடக்க) நிலைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். வினைச்சொற்கள் ஓரளவு பிடிபட்டுவிட்டன, இந்த 'யாருடையது' விவகாரம்தான் பிடி கொடுக்கவில்லை. மி (என்), து (உன்), ஸு என்று மூன்று சின்னச் சொற்கள், பார்த்தால் எளிது. ஆனால் 'ஸு காஸா' என்றால் அவன் வீடு, அவள் வீடு, உங்கள் வீடு, அவர்கள் வீடு எல்லாமே என்கிறார்கள். அப்புறம் கேட்பவர் எப்படிப் புரிந்துகொள்வார்? இன்னொன்று, 'என் தலை வலிக்கிறது' என்பதற்கு 'மி' போடக்கூடாதாம், 'மெ துவெலெ லா கபெஸா' என்று 'லா' (ஆங்கிலத்தின் 'தி' போன்ற முன்சொல்) போட வேண்டுமாம். என் தலைக்கு ஏன் 'என்' கிடையாது? என்னிடம் இருப்பது ஆங்கில வழியில் எழுதிய புத்தகம், பட்டியல் மட்டும் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

தேயிலைத்தோட்டம்

நிலா, ஸ்பானிஷிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் வேலை, அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். முதலில் ஆங்கில வழியை ஓரமாக வையுங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்கள் வாயிலேயே இருக்கிறது. தலை வலித்தால் வீட்டில் என்ன சொல்வீர்கள்? 'எனக்குத் தலை வலிக்கிறது'. இப்போது அந்த ஸ்பானிஷ் வாக்கியத்தைப் பாருங்கள். 'மெ' எனக்கு, 'துவெலெ' வலிக்கிறது, 'லா கபெஸா' தலை. 'எனக்கு' வந்துவிட்ட பிறகு தலை யாருடையது என்று தனியாகச் சொல்லத் தேவையே இல்லை. அந்தப் புத்தகம் இதை ஒரு விதிவிலக்கு மாதிரிக் காட்டியிருக்கும். தமிழ் பேசுகிறவருக்கு இது விதிவிலக்கே இல்லை, அன்றாடம் பேசுகிற முறை.

உடல் உறுப்பு, உடுத்தியிருக்கும் துணி, கையோடு இருக்கும் பொருள், எல்லாவற்றுக்கும் இதே வழிதான். 'மெ லாவோ லாஸ் மானோஸ்', கை கழுவுகிறேன். நாமும் 'என் கைகளைக் கழுவுகிறேன்' என்று சொல்வதில்லையே. 'ஸெ கித்தோ எல் ஸொம்ப்ரெரோ', தொப்பியைக் கழற்றினான். 'லெ ரொபாரோன் லா கார்தெரா' என்றால் அவனுடைய பர்ஸை அடித்துவிட்டார்கள். அந்த 'லெ' ஒன்றே யார் பாதிக்கப்பட்டார், பர்ஸ் யாருடையது என்ற இரண்டையும் சொல்லிவிடுகிறது. நாய் இறந்தால்கூட 'ஸெ லெ முரியோ எல் பெர்ரோ' என்பார்கள், இழப்பு யாருக்கு நேர்ந்தது என்பது அதே 'லெ'யில் இருக்கிறது. 'அவனுடைய நாய் இறந்தது' என்று 'ஸு' போட்டும் சொல்லலாம், தவறில்லை, ஆனால் அதில் செய்தி மட்டும்தான் இருக்கும்.

இன்னொரு அழகான இடம். வகுப்பில் பிள்ளைகள் கை தூக்கினார்கள் என்பதை 'லோஸ் நிஞோஸ் லெவந்தாரோன் லா மானோ' என்கிறார்கள். பிள்ளைகள் பன்மை, கை ஒருமை. ஆளுக்கொரு கை என்பதால் ஒருமையே போதும். நாமும் 'பிள்ளைகள் கையைத் தூக்கினார்கள்' என்றுதானே சொல்கிறோம். தேர்வில் இந்த இடத்தில் நிறையப் பேர் 'ஸுஸ் மானோஸ்' என்று எழுதுகிறார்கள், அது ஆங்கிலத்திலிருந்து வருவது.

'மி' எப்போது வரும் என்றால், உறுப்பே எழுவாயாக நிற்கும்போது. 'மிஸ் ஓஹோஸ்' என்று தொடங்கி என் கண்களைப் பற்றி ஏதாவது சொல்லலாம். அதற்கும் 'தெங்கோ லோஸ் ஓஹோஸ் நெக்ரோஸ்' (எனக்குக் கறுப்புக் கண்கள்) என்று 'தெங்கோ' போட்டுச் சொல்வதுதான் அதிகம் காதில் விழும்.

மான்தெர்ரே_மணி

அக்கா சொன்னது சரி, ஆனால் மெக்ஸிகோவில் பேச்சில் 'மெ துவெலெ மி கபெஸா' என்று 'மி'யோடு சொல்பவர்களையும் கேட்கலாம். எழுதும்போது வேண்டாம், காதில் விழுந்தால் குழம்பவும் வேண்டாம்.

'ஸு' பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். நான் இங்கே ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். மேற்பார்வையாளர் ஒருவர், வயதில் பெரியவர், வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்து, சனிக்கிழமை 'கார்னெ அஸாதா' இருக்கிறது, 'என் ஸு காஸா' என்றார் (இந்த 'என்' ஸ்பானிஷ் சொல், நம் 'இல்' உருபு மாதிரி). கார்னெ அஸாதா என்றால் முற்றத்தில் கறி சுட்டுச் சாப்பிடும் விருந்து, இந்த வடக்குப் பகுதியில் வார இறுதி என்றாலே அதுதான். நேர்ப்பொருள் பார்த்தால் 'உங்கள் வீட்டில் விருந்து'. அவர் சொன்னது அவருடைய வீட்டை. இங்கே மரியாதை தெரிந்தவர்கள் தங்கள் வீட்டைச் சொல்லும்போதே அதைக் கேட்பவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். முகவரி சொல்லிவிட்டு 'ஆஇ தியெனெ ஸு காஸா' என்பார்கள், அங்கே உங்கள் வீடு இருக்கிறது என்று. சில பெரியவர்கள் இன்னும் தெளிவாக 'ஸு காஸா தெ உஸ்தெத்' என்றும் சொல்வதுண்டு. உடைமைச் சொல்லை இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவதை நான் வேறெங்கும் கேட்டதில்லை, எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கு இது.

நெய்தல்நிலா

அண்ணா, அப்படியானால் 'ஸு காஸா' என்பதற்கு 'என் வீடு' என்றும் ஒரு பொருள் சேர்ந்துவிட்டதே! சரி, அவனா அவளா என்பதை எப்படிப் பிரிப்பது?

தேயிலைத்தோட்டம்

'தெ' போட்டுப் பிரிக்க வேண்டும். 'லா காஸா தெ எல்' அவன் வீடு, 'லா காஸா தெ எய்யா' அவள் வீடு, 'தெ உஸ்தெத்' உங்கள் வீடு, 'தெ எய்யோஸ்' அவர்கள் வீடு. பெயர் சொல்லும்போதும் இதே வழிதான், 'லா காஸா தெ மரியா'. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் உருபு என்று ஸ்பானிஷில் எதுவும் கிடையாது, பொருள் முதலில், உடையவர் பின்னால், நடுவில் 'தெ'. நம்முடைய வரிசைக்கு நேர் தலைகீழ். 'என் அண்ணனுடைய நண்பருடைய கார்' என்பதை வால் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், 'எல் கார்ரோ தெல் அமீகோ தெ மி எர்மானோ'. யாருடையது என்று கேட்க 'தெ கியென் எஸ்?', பதிலுக்கு 'எஸ் தெ மரியா'.

எழுத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று. 'தெ'யும் ஆண்பால் முன்சொல்லான 'எல்'லும் சேர்ந்தால் 'தெல்' ஆகிவிடும். 'அவன்' என்ற பொருளில் வரும் 'எல்'லுக்கு மேலே ஒரு சாய்கோடு உண்டு, அது சேராது, 'தெ எல்' என்று பிரிந்தே நிற்கும். அதே சாய்கோடுதான் 'நீ' என்ற 'தூ'வையும் 'உன்' என்ற 'து'வையும் எழுத்தில் பிரிக்கிறது. கோடு இருந்தால் நீ, இல்லாவிட்டால் உன். உச்சரிப்பு ஒன்றே என்பதால் எழுதும்போதுதான் மதிப்பெண் போகும்.

புலவர்வீதி

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பேத்திக்குத் துணையாக ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து இப்போது நானும் விடாமல் படிக்கிறேன். இந்த இழையில் யாரும் இன்னும் தொடாத ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஒரு வீடு என்றால் 'மி காஸா', பல வீடுகள் என்றால் 'மிஸ் காஸாஸ்'. உடையவன் ஒருவன்தான், உடைமை பலவானதால் 'மி' மாறுகிறது. 'நுவெஸ்த்ரோ' (நம், எங்கள்) இன்னும் ஒரு படி மேலே போய், பொருளின் பாலுக்கும் எண்ணுக்கும் தக்கபடி நுவெஸ்த்ரோ, நுவெஸ்த்ரா, நுவெஸ்த்ரோஸ், நுவெஸ்த்ராஸ் என்று நான்காகிறது. பேசுபவர்கள் எல்லோரும் ஆண்களாக இருந்தாலும் 'நுவெஸ்த்ரா காஸா'தான், ஏனென்றால் வீடு அங்கே பெண்பால். என் பேத்திக்கு இது பெரிய குழப்பமாக இருந்தது. ஆங்கிலத்தில் உடையவன் ஆணா பெண்ணா என்று பார்த்துத்தானே சொல் மாறுகிறது.

நம் இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமையை எடுத்துப் பாருங்கள். நன்னூல் என்ன சொல்கிறது? உடைமைப் பொருள் ஒருமையானால் உருபு 'அது', 'ஆது'. பன்மையானால் உருபு 'அ'. தனது கை, தன கைகள். கை ஒன்றா பலவா என்பதைப் பார்த்து உருபு மாறுகிறது, உடையவனைப் பார்த்து அல்ல. 'மி', 'மிஸ்' செய்யும் வேலையை அச்சாக அப்படியே 'எனது', 'என' செய்தன. இன்று 'என கைகள்' என்று யாரும் எழுதுவதில்லை, வழக்கொழிந்துவிட்டது. ஆனால் மரபு நம்மிடம் இருந்தது என்று சொன்னதும் பேத்திக்கு அந்தப் பாடம் சட்டென்று விளங்கிவிட்டது.

நன்னூல் அதே இடத்தில் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று உடைமையை இரண்டாகப் பிரிக்கிறது. சாத்தனது கை தற்கிழமை, பிரிக்க முடியாதது. சாத்தனது வீடு பிறிதின்கிழமை, விற்றுவிடலாம். ஸ்பானிஷ் கைக்கும் தலைக்கும் 'மி' போடத் தயங்குவதும் வீட்டுக்குத் தாராளமாகப் போடுவதும் ஏறக்குறைய இந்தப் பிரிவைத்தான் காட்டுகிறது.

கல்லணை

ஐயா, நன்னூல் விஷயம் அருமை. ஆனால் இங்கே எல்லோரும் 'தமிழ் வழியாகப் போனால் எல்லாம் எளிது' என்று சொல்லிவிடுவார்களோ என்ற கவலையில் இதை எழுதுகிறேன். 'எனக்கு இரண்டு தம்பிகள்' என்பதை அந்தக் கணக்கில் 'மெ' போட்டு ஆரம்பித்தால் வாக்கியமே விழுந்துவிடும். ஸ்பானிஷில் 'தெங்கோ தொஸ் எர்மானோஸ்'. உடையவர் எழுவாய், 'தெனெர்' வினை ('தெங்கோ' அதன் 'நான்' வடிவம்), தம்பிகள் செயப்படுபொருள். நமக்கு 'எனக்கு வீடு இருக்கிறது', 'என்னிடம் பணம் இருக்கிறது' என்று இரண்டு வழி. நிலையாக உள்ளதற்கு ஒன்று, இப்போது கைவசம் உள்ளதற்கு ஒன்று. அங்கே எல்லாவற்றையும் 'தெங்கோ' ஒன்றிலேயே அடக்கியாக வேண்டும். பசிகூட 'தெங்கோ ஆம்ப்ரெ', அதாவது பசியையும் உடைமையாகவே சொல்கிறார்கள். வயதும் அப்படித்தான். தமிழ் பேசுகிறவர் தடுமாறும் இடம் இதுதான், இதைச் சொல்லாமல் விடுவது கற்பவருக்கு நல்லதில்லை.

தேயிலைத்தோட்டம்

கல்லணை சொல்வதை ஏற்கிறேன், 'தெனெர்' தனியாகப் பழக வேண்டியதுதான். ஒரு சின்னச் சேர்க்கை. ஸ்பானிஷின் தாயான லத்தீனில் 'மிஹி எஸ்ட் லிபெர்' என்று ஒரு வாக்கிய முறை இருந்தது, 'எனக்கு நூல் உண்டு' என்பதற்கு நேர். அந்த வழியை ஸ்பானிஷ் விட்டுவிட்டது. பழைய ஸ்பானிஷில் உடைமைக்கு 'அபெர்' என்ற வினை இருந்தது, பிறகு பிடித்துக்கொள்வது என்ற பொருளுடைய 'தெனெர்' அந்த இடத்துக்கு வந்தது. 'அபெர்' இன்று துணைவினையாகவும் 'ஆய்' என்ற வடிவத்தில் 'இருக்கிறது' என்று சொல்லவும் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

'ஸு'வின் குழப்பத்துக்கும் வேர் அங்கேயேதான். லத்தீனில் இரண்டு சொற்கள். எழுவாயின் சொந்தப் பொருள் என்றால் 'ஸூஉஸ்', வேறொருவருடையது என்றால் 'எயுஸ்'. நம்மிடம் இன்றும் இது உயிரோடு இருக்கிறது. 'முருகன் தன் வீட்டுக்குப் போனான்', 'முருகன் அவன் வீட்டுக்குப் போனான்', இரண்டும் வேறு வேறு வீடு, நல்ல எழுத்தில் அந்த வேறுபாட்டைக் காக்கிறோம். ஸ்பானிஷ் 'எயுஸ்'ஸைத் தொலைத்துவிட்டு 'ஸூஉஸ்'ஸிலிருந்து வந்த 'ஸு'வின் தலையில் எல்லா வேலையையும் சுமத்திவிட்டது. இத்தாலியனும் பிரெஞ்சும் 'அவர்களுடைய' என்பதற்காவது தனிச்சொல் வைத்திருக்கின்றன, ஸ்பானிஷுக்கு அதுவும் இல்லை. 'பெத்ரோ வியோ ஆ ஹுவான் என் ஸு காஸா' என்று ஒரு நாவலில் வந்தால், பெத்ரோ ஹுவானைப் பார்த்தது யார் வீட்டில் என்று முன்பக்கம் பின்பக்கம் படித்துத்தான் தமிழில் 'தன்' போடுவதா 'அவன்' போடுவதா என்று நான் முடிவு செய்ய வேண்டும். என் வேலையில் அதிக நேரம் பிடிக்கும் சொற்களில் இந்த இரண்டெழுத்தும் ஒன்று. சொந்த வீடு என்று அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால் அவர்களே 'ஸு ப்ரோப்யா காஸா' என்று எழுதுவார்கள்.

மெர்காதோ_மாலா

ஸ்பெயினில் வலென்சியா பக்கம் இருக்கிறேன். இங்கே 'உங்கள்' என்பதற்கு நண்பர்கள், குழந்தைகள் கூட்டமாக இருந்தால் 'புவெஸ்த்ரோ' வரும். 'புவெஸ்த்ரா மாத்ரெ', உங்க அம்மா. லத்தீன் அமெரிக்காவில் இந்தச் சொல் அன்றாடப் பேச்சில் இல்லை, அங்கே 'ஸு' அல்லது 'தெ உஸ்தெதெஸ்'. அதனால் ஸ்பெயினில் படிப்பவர்களுக்கு 'ஸு'வின் சுமை கொஞ்சம் குறைவு. அர்ஹெந்தினாவில் 'நீ' என்பதற்கு 'வோஸ்' என்றாலும் 'உன்' என்பதற்கு அதே 'து'தான், புதிதாக எதுவும் படிக்க வேண்டாம்.

எனக்கும் ஒரு கேள்வி. 'மீயோ', 'துயோ', 'ஸுயோ' என்று நீண்ட வடிவம் எங்கே வரும்? கடையில் பையை மாற்றி எடுத்தால் 'எஸ் மீயா' என்கிறார்கள், சில நேரம் 'எஸ் லா மீயா' என்கிறார்கள்.

தேயிலைத்தோட்டம்

'எஸ் மீயா' என்றால் அது என்னுடையது, அவ்வளவுதான், உரிமையைச் சொல்வது. 'எஸ் லா மீயா' என்றால் அங்கே கிடக்கும் பைகளில் என்னுடையது எது என்று சுட்டிக் காட்டுவது. பை பெண்பால் சொல்லாக இருப்பதால்தான் 'மீயா', சொல்பவர் ஆணாக இருந்தாலும் 'மீயா'தான், புலவர் ஐயா சொன்ன அதே விதி. பெயர்ச்சொல்லுக்குப் பின்னாலும் இது வரும். 'மி அமீகோ' என்றால் கேட்பவருக்கும் தெரிந்த அந்த நண்பர், 'உன் அமீகோ மீயோ' என்றால் என் நண்பர்களில் ஒருவர் (இந்த 'உன்' ஸ்பானிஷில் 'ஒரு'). விளித்துச் சொல்லும்போது 'தியோஸ் மீயோ' (என் கடவுளே), 'இஹோ மீயோ' (என் மகனே) என்று உருக்கமாக வருவதும் இந்த வடிவம்தான்.

கல்லணை

இதோடு ஒட்டிய ஒன்று, எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. எனக்குப் பின்னால் என்பதை 'தெத்ராஸ் மீயோ' என்று பேச்சில் நிறையக் கேட்கலாம். ஆனால் 1713இல் தொடங்கிய அரச ஸ்பானிய மொழிக்கழகம் எழுத்தில் 'தெத்ராஸ் தெ மி' என்பதைத்தான் பரிந்துரைக்கிறது. 'தெத்ராஸ்' வினையடை, பெயர்ச்சொல் இல்லை, அதற்கு உடையவர் இருக்க முடியாது என்பது வாதம். 'லாதோ' (பக்கம்) பெயர்ச்சொல், ஆகவே 'அல் லாதோ மீயோ' சரி. சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. 'ஆ மி லாதோ' என்று முன்னால் 'மி' போட முடிகிறதா? முடிந்தால் பின்னால் 'மீயோ' போடலாம். 'மி தெத்ராஸ்' என்று யாரும் சொல்வதில்லை.

மான்தெர்ரே_மணி

எங்கள் ஆலையில் குவாத்தமாலாக்காரர் ஒருவர் 'உன் மி அமீகோ' என்பார், 'ஒரு என் நண்பன்' என்கிற மாதிரி. பிழை என்று யாரோ திருத்தப் போனார்கள். பிழையா அது?

தேயிலைத்தோட்டம்

பிழையே இல்லை தம்பி, யாரும் திருத்த வேண்டாம். குவாத்தமாலாவிலும் எல் சல்வதோரிலும் அது இயல்பான பேச்சு. முன்சொல்லும் உடைமைச் சொல்லும் சேர்ந்து வருவது பழைய ஸ்பானிஷில் சாதாரணம். பழைய கர்த்தர் ஜெபத்தில் 'வெங்கா ஆ நோஸ் எல் து ரெய்னோ' என்று வரும், உம்முடைய இராச்சியம் வருக என்ற வரி, அதில் 'எல் து' சேர்ந்தே நிற்கிறது. ஸ்பெயினின் வடக்கே அஸ்தூரியாஸ் பக்கம் 'லா மி காஸா' இன்றும் காதில் விழும்.

பெரு, பொலிவியா மலைப்பகுதிகளில் இன்னொரு முறை உண்டு, 'தெ ஹுவான் ஸு காஸா'. உடையவர் முன்னால் வந்து, பிறகு 'ஸு'வும் வருகிறது. பள்ளிக்கூடத்தில் இதைத் தவறு என்று அடித்துவிடுவார்கள். அது அந்த மலைப்பகுதிகளின் பூர்வகுடி மொழியான கெச்சுவாவின் நடை. கெச்சுவாவில் 'ஹுவான்பா வாஸின்', 'பா' என்பது 'உடைய', 'வாஸி' வீடு, கடைசி 'ன்' என்பது 'அவனுடைய'. உடையவர் முதலில், பொருள் பின்னால், தமிழ் வரிசை. நாம், நாங்கள் வேறுபாடும் அங்கே இருக்கிறது. 'வாஸின்சிக்' நம் வீடு, 'வாஸிய்கு' எங்கள் வீடு. ஸ்பானிஷின் 'நுவெஸ்த்ரா காஸா'வுக்கு அந்த நயம் கிடையாது. கேட்பவரைச் சேர்த்தா விட்டா என்பதைச் சூழலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அந்த மலைக்காரர்கள் ஸ்பானிஷைத் தங்கள் மொழியின் ஒழுங்கில் பேசுகிறார்கள், அதை அரைகுறை ஸ்பானிஷ் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது.

புலவர்வீதி

பெயர்களிலும் உடைமை ஒளிந்திருக்கிறது. ரொத்ரீகோவின் மகன் ரொத்ரீகெஸ், ஃபெர்னாந்தோவின் மகன் ஃபெர்னாந்தெஸ், சாஞ்சோவின் மகன் சாஞ்செஸ். அந்த 'எஸ்' ஒரு காலத்தில் 'இன்னாரின் பிள்ளை' என்று சொன்னது, இப்போது குடும்பப் பெயராகத் தங்கிவிட்டது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் நமக்கு இது புதிதல்ல.

நெய்தல்நிலா

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. ஒன்றே ஒன்று. 'கூயோ' என்று ஒரு சொல் பாடத்தில் கடைசியாக வருகிறது. அதையும் இப்போதே படிக்க வேண்டுமா?

கல்லணை

ஏ2வுக்கு வேண்டாம். 'எவனுடைய மகள் மருத்துவரோ அந்த மனிதர்' மாதிரி வாக்கியங்களை இணைக்கும் சொல் அது, 'எல் ஓம்ப்ரெ கூயா இஹா எஸ் மெதிகா'. மகளுக்கு ஏற்ப 'கூயா' ஆகியிருப்பதைப் பாருங்கள், இங்கேயும் உடைமைதான் ஆட்சி செய்கிறது. பேச்சில் அனேகமாக யாரும் சொல்வதில்லை, 'கெ ஸு' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதை எழுத்தில் ஒத்துக்கொள்வதில்லை. பி2 போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு 'தெ கியென் எஸ்' கேள்வியையும் அதற்கு 'எஸ் மீயோ', 'எஸ் தெ எய்யா' என்ற பதில்களையும் வீட்டில் கண்ணில் படும் ஒவ்வொரு பொருளுக்கும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆண்பாலா பெண்பாலா என்று பொருளைப் பார்த்துச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டால் எழுத்துத் தேர்வில் கை தானாக எழுதும்.